காலி நாற்காலி வைத்தியம்

மனநல டாக்டரான அவளுக்கு ஆஸ்பத்திரியில் ‘பாறாங்கல்’ என்று பட்டப்பெயர். பேய், ஆவி, கண் திருஷ்டி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சுட்டெரித்துவிடுவது போல் ஒரு பார்வை பார்ப்பாள். மனநோய்க்கு மருந்து இருக்கிறது, பேயோட்ட நேரமில்லை என்பது அவள் கட்சி. ஆனால் அவளிடமும் ஒரு வித்தை இருந்தது. செத்துப்போனவரை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போடுவாள். இறந்தவர் அதில் இருப்பதாக நினைத்து நோயாளி பேச வேண்டும். பிறகு தானே அதில் மாறி உட்கார்ந்து, அவராகப் பதில் சொல்ல வேண்டும். மனசில் அடைத்துக் கிடப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். இதில் ஆவியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

தையல்காரருக்கும் அப்படித்தான் நாற்காலி போட்டாள். மனைவி போன பிறகும் அவள் குரல் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ‘சாப்பிடாதீங்க, சீக்கிரம் என்கிட்ட வந்துடுங்க’ என்கிறதாம். மனிதர் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. அவருடைய அளவு டேப் மாதிரி ஆகிவிட்டிருந்தார்.

அன்று அவர் எழுந்துபோய் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன தவளையக்கா, இன்னும் நகத்தைக் கடிக்கறியா?”

டாக்டர் சட்டென்று விரலை வாயிலிருந்து எடுத்தாள். சின்ன வயதில் அவள் தத்தித் தத்தி நடந்ததற்கு வந்த பெயர் அது. அப்படிக் கூப்பிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான், அவள் தம்பி. பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

யாராவது நர்ஸ் உளறியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்த நர்ஸுக்கும் அந்தப் பெயர் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். நியாயமாக அன்றே மருந்தின் அளவைக் கூட்டியிருக்க வேண்டும். கூட்டினால் குரல்கள் அடங்கிவிடும். மனைவியின் குரல் மட்டுமல்ல, எல்லாமே.

“இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பார்க்கலாம்மா” என்றாள் தையல்காரரின் மகளிடம். படித்தவர்கள் பொய் சொன்னால் அதற்குச் சிகிச்சை முறை என்று பெயர்.

அதன் பிறகு அவரை அடிக்கடி அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தம்பி வந்தான், வம்புக்கிழுத்தான். பரீட்சைக்கு அவள் ஜோடி மாறிய செருப்போடு ஓடியதைச் சொல்லிக் கெக்கலித்தான். டாக்டரும் சிரித்தாள். பாறாங்கல் சிரிக்கும் சத்தம் கேட்டு வெளியே நர்ஸுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. அவ்வளவு அசிங்கமாகத் தன்னை உணர்ந்ததும் இல்லை. அந்தச் சந்தோஷத்துக்காக எதிரே ஒரு மனிதர் பட்டினி கிடந்தார்.

ஒரு மதியம் நாற்காலிக்குப் போக எழுந்த தையல்காரர் கால் மடங்கி விழுந்தார். மகள் ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

“காப்பாத்துவீங்கன்னு நம்பித்தானே டாக்டர், எங்கப்பாவை உங்ககிட்ட விட்டேன்?”

அவள் கத்தக்கூட இல்லை. டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

சலைன் ஏற்றி அவருக்கு நினைவு தெளிந்ததும், டாக்டரே அளவு கூட்டிய மாத்திரையும் தண்ணீருமாகக் கட்டிலருகே போனாள்.

“இதைப் போட்டா எல்லாரும் போயிடுவாங்க, இல்ல டாக்டர்?”

“ஆமா.”

“உங்க தம்பியும்?”

அவள் மாத்திரையின் உறையைக் கிழித்தாள்.

“உங்க பின்னாலதான் நிக்கறார். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க.”

திரும்பிப் பார்க்க உடம்பெல்லாம் துடித்தது. பார்க்கவில்லை. பார்த்து, அங்கே ஒன்றுமே இல்லாமல் போனால்?

“வீட்டுக்கு ஒரு தடவை போகச் சொல்லுங்க. அம்மா பாவம்.”

தையல்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

“தினமும் போறாராம். அம்மாவும் அவரும் பேசிக்குவாங்களாம். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்களாம்.”

“ஏன்?”

“மாத்திரை கொடுத்து அவரை விரட்டிடுவீங்களாம்.”

அவள் மாத்திரையை நீட்டினாள். தையல்காரர் அதை வாங்கிக்கொண்டு ஆளில்லாத ஜன்னல் பக்கம் பார்த்து, “நீ போம்மா, நான் அப்புறமா வரேன்” என்றார். பிறகு விழுங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டாக்டருக்கு ஒரே நினைப்பு. தம்பி போன புதிதில் அம்மாவும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுத்ததும் பேச்சு நின்றுபோனது. தன் முதல் வெற்றி என்று அதைத்தான் எல்லாரிடமும் அவள் சொல்லிக்கொள்வாள்.

கதவைத் திறந்ததும் உள்ளே பேச்சுக் குரல் சட்டென்று நின்றது. அம்மா அறையிலிருந்து வந்தாள். சிரித்த சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

“யார்கிட்டம்மா பேசிட்டிருந்தே?”

“யார்கிட்டயும் இல்லடி. மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போட்டுக்கறேன்” என்றாள் அம்மா அவசரமாக. அவள் கண் மகளின் கைப்பையிலேயே இருந்தது.