இன்னைக்கு ஏற மாட்டேன்

கரியன் கடித்தது சிட்டுவின் இடது தோளில். குதிரையேற்றப் பள்ளியில் சேர்ந்த பிறகு அது அவளுக்கு நான்காவது வகுப்பு. குதிரை கரியன் தீவனத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. பதின்மூன்று வயதுச் சிட்டு ஆசையாகப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் காதுகள் பின்னால் மடிந்ததைப் பார்த்தாள். அதற்கு என்ன பொருள் என்று தெரியவில்லை. அடுத்த நொடி பற்கள் தோளைக் கவ்வின.

அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மகளின் தோளையும் அவளே படம் எடுத்துப் பார்த்தாள்.

"எலும்பு தப்பிச்சுது. இதோட குதிரைக்கு ஒரு கும்பிடு போடு. நம்ம வீட்டுல ஏற்கெனவே ரெண்டு கால்ல ஒரு அடங்காத குதிரை திரியுது, அது போதும்."

"அது மேல தப்பில்லம்மா. திங்கும்போது கிட்டப் போனது நான்தான்."

"சரி, இனிமே போகாதே."

"போவேன். ஆனா ஒரு மாசம் ஏற மாட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்க மட்டும் செய்வேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? அம்மா விட்டுக்கொடுத்தாள்.

சொன்னபடியே சிட்டு ஒரு மாதம் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் சவாரி போக, இவள் மட்டும் வேலியில் சாய்ந்தபடி கரியனைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதன் கோபத்துக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் காதுகள் கழுத்தோடு ஒட்டும். வாய் இறுகும். பிறகு வால் சாட்டைபோல வீசும். கடைசியாக ஒரு பின்னங்காலை லேசாகத் தூக்கி நிற்கும். அதற்குப் பிறகுதான் உதை. சொல்லாமல் அது எதையும் செய்யவில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருநாளும் உதை வாங்கியதில்லை. ஏன் என்பதையும் சிட்டு கவனித்தாள். அக்கா பத்தடிக்கு முன்பே குரல் கொடுத்துவிடுவாள். நேர் பின்னாலிருந்து போகவே மாட்டாள், தோள்பக்கமாகத்தான் போவாள். தீவன நேரத்தில் உள்ளே கால் வைக்க மாட்டாள்.

மாதம் முடிந்ததும் சிட்டு அதையெல்லாம் அப்படியே செய்தாள். ஹெல்மெட்டின் வாரை மாட்டாமல் லாயத்துக்குள் நுழைவதில்லை, தனியாக உள்ளே போவதில்லை என்று தனக்கே இரண்டு சட்டமும் போட்டுக்கொண்டாள். கரியன் அவளைச் சுமக்கப் பழகியது. முதல் நிலைத் தேர்வுக்குப் பெயரும் கொடுத்தாயிற்று.

தேர்வன்று காலையில், யாரோ முன்பே போட்டுவைத்திருந்த சேணத்தின் வயிற்று வாரைச் சிட்டு இறுக்கியபோது, கரியன் சடாரென்று தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டியது. காதுகள் ஒட்டியிருந்தன. வால் வீசியது. தூக்கிய பின்னங்கால் தரையைத் தொடவில்லை.

சிட்டு கடிவாளத்தைப் பிடித்தபடி அதன் தோளோரமாக நகர்ந்து நின்று, சவாரி சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரைப் பார்த்தாள். "மாஸ்டர், இன்னைக்கு ஏற மாட்டேன். இதுக்கு ஏதோ சரியில்ல."

"கோவக்காரப் பய, தினமும் இப்படித்தான். ஏறு, தேர்வாளர் காத்துக்கிட்டிருக்கார்."

"தினமும் இப்படி இல்ல மாஸ்டர். நான் பார்த்திருக்கேன்."

"பயந்துட்டியா?"

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிட்டுவின் முகம் சுட்டது. "ஆமா, பயம்தான்" என்றாள். "அதனாலதான் ஏறல."

"இங்க குடு. எப்படி ஏறுறதுன்னு நான் காட்டுறேன்."

"நீங்களும் வேண்டாம் மாஸ்டர்."

அவர் கடிவாளத்தை வாங்கிக்கொண்டு தாவி ஏறினார். அவருடைய எடை சேணத்தில் முழுதாக இறங்கியதுதான் தாமதம், கரியன் முதுகை வில்லாக வளைத்துத் துள்ளியது. இரண்டாவது துள்ளலில் மாஸ்டர் மணலில் கிடந்தார்.

ஆளில்லாத குதிரை மைதானத்தைச் சுற்றிப் பாய்ந்தது. கேட்டருகே சிறு வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வாயைப் பிளந்து நின்றார்கள். கத்தினால் குதிரை இன்னும் மிரளும் என்று சிட்டுவுக்குத் தெரியும். கத்தவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய் மூவரையும் வெளியே தள்ளிக் கேட்டைத் தாழிட்டாள்.

லாயத்து அக்கா பேசிப் பேசியே கரியனைப் பிடித்தாள். சேணத்தைக் கழற்றியபோது, அது உராய்ந்த இடத்தில் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, புண் சிவந்து கிடந்தது.

"இதோட எப்படிடா நின்னே?" என்று குதிரையிடம் கேட்டாள் அக்கா.

மாஸ்டருக்கு மணிக்கட்டில் விரிசல். மறுவாரம் கட்டுப்போட்ட கையோடு வந்தவர், எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்துவிட்டுச் சிட்டுவிடம் சொன்னார்: "அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். கேக்கல. இனிமே யார் ஏறமாட்டேன்னு சொன்னாலும் முதல்ல சேணத்தைக் கழற்றிப் பார்ப்போம்." அவருக்கு அது எளிதாக வரவில்லை, சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார்.

ஆனாலும் தேர்வுத் தாளில் சிட்டுவின் பெயருக்கு எதிரே 'ஏறவில்லை' என்றுதான் எழுதியிருந்தது. அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். "காத்திருக்கேன்" என்றாள் அவள்.

புண் ஆற ஆறு வாரம் பிடித்தது. மூன்றாம் மாதம் கரியன்மீதே ஏறித் தேர்வில் கலந்துகொண்டாள். நடுவில் அது ஒரு வளைவில் நின்றுகொண்டு நகர மறுத்ததில் மதிப்பெண் குறைந்தது. மயிரிழையில்தான் தேறினாள். வேலிக்கு வெளியே அம்மா, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாக முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.