காலிக் கட்டத்தில் வந்த மனைவி

அறுபத்தெட்டில் ஓசூர் எல்லையில் இருந்த எங்கள் பம்பு கம்பெனிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு கார்டு மெஷின் லாரியில் வந்து இறங்கியது. இறக்கிய கனத்தில் எல்லைக்கல் அரையடி மைசூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. இரண்டு ராஜ்யமும் கண்டுகொள்ளவில்லை.

ஆளுக்கொரு அட்டை. ஓட்டை குத்தி உள்ளே விட்டால் பேர், டோக்கன், மனைவி பேர் எல்லாவற்றையும் தாளில் அடித்துத் தள்ளும். ஒரே ஒரு குணம்: கட்டம் காலியாக இருந்தால், முந்தின அட்டையில் இருந்ததையே மறுபடி அடித்துவிடும்.

ஆண்டு விழாவில் மனைவிமாருக்குப் புடவை என்று கேட்டில் தாள் ஒட்டினார்கள். முனிராஜுக்கு மனைவி முனிலட்சுமி. நியாயம். அடுத்த டோக்கன் ஜான்பீட்டர், கல்யாணமாகாதவன். அவனுக்கும் முனிலட்சுமி. அவனுக்குப் பின்னால் நின்ற பிரம்மச்சாரிகள் அத்தனை பேருக்கும் அவளேதான்.

முனிராஜ் நிதானமாகப் படித்தான். "அவ திட்டறத நான் ஒருத்தனே வாங்கிட்டிருந்தேன். இனி முறை வெச்சிக்கலாம்டா."

ஜான்பீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ராயக்கோட்டையிலிருந்து வந்த தக்காளி வியாபாரி ராயப்பன் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மகள் மேரிராணிக்கும் அவனுக்கும் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது; மூன்றாவதுக்கும் யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம்.

"மாமா, அது மெஷின் பண்ணின தப்பு!"

"மெஷினுக்கு உன்மேல என்ன விரோதம்? ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. இது சரியாகலன்னா நானே எழுந்து தடை சொல்லுவேன்."

ஜான்பீட்டர் மெஷின்காரர் ராமப்பனின் காலில் விழுந்தான். "அழாதே சாமி," என்று அவர் ஒரு கம்பியைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். இனிக் காலிக் கட்டத்துக்கு எல்லாம் 'தெரியாது' என்று வரும்.

புதுத் தாளைப் பார்த்த ராயப்பன் துண்டை உதறினார். "பொண்டாட்டி யாருன்னே தெரியாதவனுக்கா என் பொண்ணைக் குடுக்கறது?"

ராமப்பன் யோசித்தார். என் சைக்கிள் மணியைக் கழற்றி மெஷினில் முடுக்கினார். "காலின்னா இது இனி எதையும் சொந்தமா அடிக்காது. நின்னு மணியடிச்சு, ஆளைக் கூப்பிட்டுக் கேக்கும்."

சனிக்கிழமை ராயப்பன் முன்னால் அட்டைகள் ஓடின. முனிராஜ் அட்டை நிற்காமல் போயிற்று. ஜான்பீட்டர் அட்டை போனது, மெஷின் நின்றது. கிணிங்!

"மனைவி?" என்று ராமப்பன் கேட்டார்.

"இன்னும் ஆகலீங்க," என்றான் ஜான்பீட்டர், மாமாவைப் பார்த்து.

ராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மீதிப் பிரம்மச்சாரிகளுக்கு அடித்த மணி பாகலூர் வரைக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் பெண்ணைப் பெற்றவர்கள் கம்பெனி வேலியோரம் ஜாதகத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்றாம் ஓலை தடையில்லாமல் வாசிக்கப்பட்டு, கல்யாணமும் ஆயிற்று. ராயப்பன் மட்டும் விருந்துக்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. மருமகனின் புது அட்டை ஓடுகிற நாளில் ஜன்னலில் காதை வைத்து நின்றார். மணியடிக்காமல் அட்டை கடந்து போயிற்று.

"இப்பத்தான் கல்யாணம் முடிஞ்சுது," என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.