ஏப்ரலில் குளிரும் ஊர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில், மேலதிகாரி டோரீன் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த கிறிஸ்துமஸ் போட்டோவைப் பார்த்துத்தான் ரகு ஜோக் அடித்தான். மெல்போர்னில் இருக்கும் டோரீனின் தங்கை, தலையில் ஈரத்துண்டோடு வியர்த்து வழிந்தபடி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டரக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க மேடம். கேக்குக்கு முன்னாடி இவங்க வெந்துடுவாங்க."

"ஹீட்டரா? டிசம்பர்ல அங்க வெயில் கொளுத்தும் மேன். நமக்கு நேர் ஆப்போசிட்."

ரகு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு வேலை கொடுப்பது மெல்போர்னில் உள்ள ஒரு சின்ன மின்சார விற்பனைக் கம்பெனி. வீடுகளுக்கு ஒரே விலையில் விற்பார்கள். ஆனால் அவர்கள் வாங்கும் மொத்தச் சந்தையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விலை. வெயில் ஏறி ஊரே ஏசி போட்டால் விலை நூறு மடங்கு எகிறும். அதனால் பல மாதம் முன்பே முன்பேர ஒப்பந்தங்களை வாங்கி விலையைக் கட்டிப்போட்டு வைப்பார்கள். எந்தக் காலாண்டுக்கு எவ்வளவு என்று திட்டம் போடுவது ரகு. திருச்சியில் வளர்ந்தவனுக்குக் கோடை எப்போது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய கணக்கில் ஜனவரி விலை மலைபோல் நின்றதைப் பார்த்து, யாரோ பாவம் வரிசை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு, அதை ஏப்ரலுக்கு நகர்த்திச் சரிசெய்திருந்தான். வெள்ளிக்கிழமையே திட்டம் போய்விட்டது. திங்கள் காலை, பெங்களூரு கண் விழிக்கும் முன்பே, அந்தக் கம்பெனியில் ஒப்பந்தம் வாங்கும் கிரெக் வேலையை ஆரம்பித்துவிடுவார். அங்கே குளிர் தொடங்கும் ஏப்ரலுக்குக் குடம் குடமாய், வெயில் கொளுத்தும் ஜனவரிக்கு ஒரு சொட்டு.

"மேடம், ஜனவரிய நான் ஏப்ரலுக்கு மாத்திட்டேன்."

டோரீன் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரு வெயில் வாரம் போதும், அந்தக் கம்பெனி மூழ்க. அதற்கு முன்பே ரகுவின் வேலை மூழ்கும். இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா கோவிந்தராஜன் வேறு, 'ஆஸ்திரேலியாக்காரனுக்கே எம்பையன்தான் கரண்டு வாங்கித் தர்றான்' என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தார்.

அவள் அடுப்பை அணைத்துச் செருப்பை மாட்டினாள். கிரெக்கின் வீட்டு நம்பர் ஆபீசில்தான் இருந்தது.

ஆட்டோவில் ரகு ராஜினாமாக் கடிதத்தை வாய்மொழியாகவே எழுதிக்கொண்டு வந்தான்.

"சும்மா வா மேன். ரிசைன் பண்றதுன்னா மொதல்ல நான் பண்ணணும். அப்ரூவ் பண்ணது யாரு? கூட்டுத்தொகை சரியா வருதான்னு பாத்தேன், மாசத்தப் பாக்கல. எனக்குன்னு ஒரு தங்கச்சி அங்கயே இருந்தும்."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் காலியாக இருந்தது. டோரீன் நின்றபடியே பேசினாள். மாதங்களை நாங்கள் மாற்றிப் போட்டுவிட்டோம், எதுவும் வாங்க வேண்டாம், சரியான திட்டம் இன்றே வரும் என்று நிதானமாகச் சொன்னாள். தன் பெயர் எப்போது வரும் என்று ரகு காத்திருந்தான். 'நாங்கள்' வந்தது, மறுபடியும் 'நாங்கள்' வந்தது. ரகு வரவேயில்லை.

போனை வைத்தாள்.

"நிறுத்தி வெக்கிறானாம். மத்தத நாளைக்குப் பேசலாம்னான்."

"என்னத் திட்டுவாரா மேடம்?"

"நம்மளத் திட்டுவான்."

திட்டத்தை முதலிலிருந்து போட்டு, இரண்டு பேரும் மாதம் மாதமாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து அனுப்பினார்கள். வெளியே வந்தபோது தார் ரோடு வெயிலில் பளபளத்தது. ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. நன்றி சொல்ல ரகு வாயைத் திறந்தான்.

"உனக்குன்னு தனியா வெஜிடபிள் குருமா வெச்சேன், ஆறியே போயிருக்கும்," என்றபடி டோரீன் கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். சின்னப் பூப்போட்ட குடை. ஒரு ஆளுக்கே சரியாக இருக்கும். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிழல் முழுக்க ரகுவின் மேல் விழுந்திருந்தது; அவளுடைய இடது தோள் வெயிலில் இருந்தது.