தட்டிப் பார்த்த கல்

ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி குமாரபாளையம் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. கைலாசத்தை இறக்கிக் கூடத்தில் தலை தெற்காகக் கிடத்தினார்கள். தலைமாட்டில் அவர் மனைவி அங்கம்மாள் உட்கார்ந்தாள். கால்மாட்டில் அவருடைய அக்கா பெருமாயி. வடக்குச் சுவரோரம் தறிக்காரர் வீட்டுப் பெண்கள் ஏழு பேர். வாசல்படியில் மகன் சென்னிமலை, சட்டையில்லாமல், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு. அவனுக்கு எதிரே ஒரு நூல் மூட்டையின் மேல் தீர்த்தகிரி. கைலாசத்தோடு பருத்தி மில்லில் இருபத்திரண்டு வருஷம் பிட்டர் வேலை பார்த்தவர். மகள் வசந்தாமணிக்கு அம்மாவின் இடப்பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. பின்கட்டுப் பட்டறைக்குப் போகும் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

கைலாசத்தின் முகத்தில் கண்ணும் நெற்றியும்தான் வெளியே தெரிந்தன. மூக்குக்குக் கீழே முழுவதும் ஆஸ்பத்திரிக் கட்டு. பெருமாயி அதை அவிழ்த்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று அங்கம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

எல்லாம் ஒரு சாணை மிசினால் வந்தது. மில்லை மூடிப் பழைய இரும்பாக எடைபோட்டு விற்றபோது கைலாசம் வாங்கி வந்தது அது. இங்கிலாந்தில் வார்த்தது. மேஜைமேல் பொருத்தி, இரண்டு பக்கமும் இரண்டு கல் மாட்டி ஓட்டுகிற வகை. மூன்று மழைக்காலம் வெளியில் கிடந்ததில் தண்டு உடம்போடு ஒட்டிப் போயிருந்தது. உலகச் சண்டை நடந்த காலம், மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். வீட்டு விளக்குக்கான பங்கில் பாதியை ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஊறப்போட்டார். துருவைச் சுரண்டினார். தண்டு சுழல்வதற்குப் புது புஷ் கடைந்து போட்டார். மோட்டார் காயிலை ஈரோட்டில் கொடுத்து மறுபடி சுற்றி வாங்கினார். தறியை விற்ற பிறகு வெறுமனே கிடந்த தறிக்குழியை மண்ணடித்து மூடி, அதன்மேல் புளியமரப் பலகையில் மேஜை போட்டு, மேட்டூர்க் கரண்டை அதுவரைக்கும் இழுத்தார். கல்லுக்கு மேலே இருக்கவேண்டிய வார்ப்பு மூடி உடைந்து போயிருந்ததால் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு மூடி செய்தார். இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு வருஷமும் அவருக்குக் காது வசந்தாமணிதான். மில் பாய்லரடியில் போன காது அவருக்கு. இடக் காதோரம் வாய் வைத்துச் சொன்னால் பாதி கேட்கும். எட்டாவது பாஸ் செய்திருந்த அவளே அவருடைய கடிதங்களையும் எழுதினாள். ஈரோட்டுக்கு, கோயமுத்தூருக்கு, மதராசுக்கு. கல் இருக்கிறதா, என்ன அளவு, என்ன துவாரம். கப்பல் வரவில்லை, ஸ்டாக் இல்லை என்று பதில்கள் வந்தன.

அவளுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. சேலத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம். போன வருஷமும் வந்தது. அப்போது அப்பா சொன்னார்: "மிசின் ஓடட்டும் சாமி. அப்புறம் நானே கொண்டுபோயி உட்டுட்டு வாரேன்." இந்த வருஷம் ஜூன் இரண்டாம் தேதிக்குள் சேர வேண்டும். அடுத்த வருஷம் வயது கடந்துவிடும்.

மே பதினேழாம் தேதி மதராசிலிருந்து கல் வந்தது. வைக்கோலும் மரத்தூளும் அடைத்த கள்ளிப்பெட்டி. பெட்டிக்குள் பில்லோடு, கட்டி அனுப்பிய குமாஸ்தா தன் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: 'நான் தட்டிப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறேன். வழியில் எப்படியோ. அங்கும் ஒரு தரம் தட்டிப் பார்த்து மாட்டவும். மந்தமாகக் கேட்டால் மாட்ட வேண்டாம். இப்படிக்கு, வீரபாகு.'

சாணைக்கல்லைத் தட்டித்தான் பார்ப்பார்கள். துவாரத்தில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சத்தம் அமுங்கிப் போகும்.

கைலாசம் விரலில் கல்லைத் தொங்கவிட்டுத் தட்டினார். தட்டிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். காதால் கேட்க முடியாததை அவர் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்.

டொக் என்றது.

கல்லைக் கால் வட்டம் திருப்பி மறுபடி தட்டினார். அதே டொக். கூடத்தில் நூல்தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் ராட்டை நின்றது. திருப்பி அனுப்பினால் அடுத்த கல் எப்போது என்று மதராசுக்காரருக்கே தெரியாது. வசந்தாமணி அப்பாவின் இடக் காதருகே குனிந்தாள்.

"மணியாட்டம் கேக்குதுங்கப்பா."

ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கியது.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டி மிசினை ஓட்டினார். புதுக் கல் ஓடும்போது முதலில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தண்டு ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. மில்லில் செய்து பழகியதுபோல, திருப்புளியின் முனையை மிசின் உடம்பில் ஊன்றி, பிடியைப் பல்லில் கடித்து, புஷ் சரியாக ஓடுகிறதா என்று எலும்பு வழியாகக் கேட்டார். முகம் கல்லிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கல் வெடித்துத் தெறித்ததில் எண்ணெய் டின் மூடி காகிதம்போலக் கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். பேச வாயில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டில் கம்பியில் ஒற்றை விரலால் தட்டினார். தட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வசந்தாமணி குனிந்து போர்வையைச் சரிசெய்தாள். மறுபடி தட்டினாரா என்று அவள் பார்க்கவில்லை.

"அம்மிணி, கொஞ்சம் தள்ளி நில்லு," என்றார், நூல் மூட்டையை விட்டு எழுந்து பட்டறைக் கதவருகே வந்த தீர்த்தகிரி.

அவள் நகர்ந்தாள். அவர் பட்டறைக்குள் போய் ஒரு சாக்குப்பையோடு திரும்பினார். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்ததால் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். நான்கு துண்டுகளின் உடைந்த முகம் சர்க்கரைபோலப் பளிச்சென்று இருந்தது. ஐந்தாவதில் பாதி முகம் பளிச்சென்றும் பாதி அழுக்கேறியும் இருந்தது. அழுக்கின்மேல் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"இது வெள்ளிக்கெழம ஒடஞ்சதில்ல, மாப்ள. பெட்டியில இருக்கறப்பவே உள்ள கீறல் இருந்திருக்குது."

சென்னிமலை துண்டை வாங்கிப் பார்த்தான். ஈரோட்டு நூல் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கணக்குப்பிள்ளைக்கு அடுத்த இடம்வரை வந்தவன் அவன். கோபம் வந்தால் குரல் தாழும்.

"ஒடஞ்ச கல்லக் கட்டி அனுப்பிச்சிருக்கறானுங்க."

தீர்த்தகிரி கதவோரம் பார்த்தார். "அப்பன் தட்டிப் பாத்தானா அம்மிணி?"

"பாத்தாருங்க மாமா."

"அவனுக்குத்தான் காது கேக்காதே. யாரு கேட்டது?"

"நான்தானுங்க."

"எப்படிக் கேட்டுச்சு?"

கூடத்தில் அழுகை ஓய்ந்த இடைவெளி அது. பெருமாயி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் கணவனின் நெற்றியில் அப்படியே நின்றது.

"நல்லாத்தான் கேட்டுச்சுங்க."

தீர்த்தகிரி தலையை ஆட்டினார். துண்டுகளைத் திரும்பப் பைக்குள் போட்டார். அப்படியும் சில கல் இருக்கும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எல்லாரும் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருவதில் இறங்கினார்கள். பாடை கட்ட மூங்கில் பத்தவில்லை என்று ஒரு பேச்சு வந்தது. பட்டறைக் கூரைக்கு வாங்கி வைத்திருந்ததில் மிச்சம் இரண்டு கிடந்தன, அவற்றை எடுத்துக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, கூடத்தைக் கழுவிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, இலையில் உட்காரும் முன்பே சென்னிமலை பேச்செடுத்தான். அம்மாவைத் தனியாக விட முடியாது. தன்னால் ஈரோட்டை விட்டு வர முடியாது, அங்கே ஒரே அறை. வசந்தாமணி இங்கேயே இருக்கட்டும். மிசின் மிசினாகவே இருக்கட்டும், அப்பா தொட்டது, விற்க வேண்டாம். கரண்டு ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் எழுதுவதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

டிரெயினிங் கடிதம் என்னவாகும் என்று பெருமாயி கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான்.

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்க அத்தை. இப்ப எதுக்கு?"

வசந்தாமணி இலைகளைப் போட்டாள். போக வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தால், எதைக் கொடுத்து அந்த இடத்தை வாங்கினாள் என்பதும் கூடவே வந்துவிடும்போல இருந்தது. காலண்டரில் இருபத்தாறாம் தேதி. ஜூன் இரண்டுக்கு இன்னும் ஏழு நாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சென்னிமலை அவளைக் காகிதமும் மசியும் எடுத்து வரச் சொன்னான். மதராசுக் கடை முதலாளிக்கு எழுத வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டையும் தேடி எடுத்திருந்தான்.

"வீரபாகுவாம். தட்டிப் பாத்தானாம். அவனை வேலைய உட்டுத் தூக்குனாத்தான் எனக்குத் தூக்கம் வரும். எழுது."

அவன் நடந்துகொண்டே சொன்னான். நீங்கள் விரிசல் விட்ட கல்லை அனுப்பியதால் எங்கள் தகப்பனார் காலமானார். உங்கள் குமாஸ்தா வீரபாகு தட்டிப் பார்த்ததாகப் பொய் எழுதியிருக்கிறான். இங்கே தட்டிப் பார்க்கையில் கல் நன்றாக ஒலித்தது. ஆகவே குற்றம் மறைத்துக் கட்டியவனுடையது. அவனை உடனே நீக்கி எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம். இடையில் நின்று, கோர்ட்டு என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்து, இருக்கட்டும் என்றான்.

அவள் பேனாவை மசியில் தோய்த்துவிட்டு நிறுத்தினாள்.

"மதராசு மொதலாளிக்கு இங்கிலீசுல எழுதுனாத்தானுங்க மதிப்பு, அண்ணா."

சென்னிமலை இதை எதிர்பார்க்கவில்லை. மூன்றாவதோடு நின்றவன் அவன். தங்கையை ஒரு நிமிஷம் பெருமையாகப் பார்த்தான். "இங்கிலீசுலயே போடு."

அவள் எழுதினாள். தேதி, ஊர், மதிப்பிற்குரிய ஐயா என்பதற்கான இங்கிலீசு. பிறகு ஐந்து வரி. மே பதினேழாம் தேதி வந்த கல்லை என் தகப்பனார் தட்டினார். அவருக்குக் காது கேட்காது. மந்தமாக ஒலித்ததைக் கேட்டது நான். நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் நான். திரு வீரபாகுவின் சீட்டைப் படித்தபின்தான் அப்படிச் சொன்னேன், ஆகையால் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எழுத்துகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த மாதிரியே ஒரே சாய்வாக இருந்தன. கடைசியில் தன் பெயரை முழுதாகப் போட்டாள். பதில் வந்தால் இந்த வீட்டில் அதைப் படிக்கப்போவதும் அவள்தான்.

"தமிழ்ல படி, கேப்போம்."

அவள் காகிதத்தைக் கையில் எடுத்து, அண்ணன் நடந்துகொண்டே சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். விரிசல் விட்ட கல். பொய் எழுதிய குமாஸ்தா. நீக்க வேண்டும். கோர்ட்டு. கண்கள் காகிதத்தில் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. சென்னிமலை கடைசிவரை நின்று கேட்டான். அங்கம்மாள் தூணோரம் உட்கார்ந்து, வெறும் ராட்டையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மகள் கையிலிருந்த காகிதத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயிலில் எழுத்து பின்பக்கமும் தெரிந்தது.

"நல்லா இருக்குது," என்றான் சென்னிமலை. ரிஜிஸ்தர் செய்து போட வேண்டும், நான்கு மணிக்குள் தபாலாபீஸ் போக வேண்டும் என்று சட்டையைத் தேடப் போனான்.

வசந்தாமணி காகிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். ஒட்டுவதற்குப் பாவுக் கஞ்சி ஒரு கொட்டாங்கச்சியில் இருந்தது. விரலால் தொட்டு ஓரத்தில் தடவினாள்.

"அவ்வளவு நேரம் படிச்சயே சாமி," என்றாள் அங்கம்மாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. "எழுதுனது அஞ்சு வரிதானே?"

வசந்தாமணியின் விரல் உறையின் மேல் நின்றது. கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது.

"இங்கிலீசுல சுருக்கமா வருமுங்கம்மா."

அங்கம்மாள் எட்டி, உறையைத் தன் பக்கம் இழுத்து, மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கஞ்சி பிடிக்கிறவரை அழுத்திக்கொண்டே இருந்தாள். சென்னிமலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்ததும் அவளே அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுட்டு வா சாமி."

அவன் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். வசந்தாமணி கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். தெருமுனையில் ஆடோ குழந்தையோ குறுக்கே வந்திருக்க வேண்டும். சைக்கிள் மணி இரண்டு தரம் கணீரென்று கேட்டது.

அங்கம்மாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.