மாவில் பிடித்த கொடும்பாவி

மழை வேண்டாமென்று அபிஷேகப்பாக்கத்தில் யாராவது சொல்வார்களா? ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்த வருஷத்தில் சொல்லியிருந்தால் அடிக்கவே வந்திருப்பார்கள். அதனால் தையலம்மாள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேற்கே மேகம் திரண்டபோது, பெய்துவிடாதே, பெய்துவிடாதே என்று மனசுக்குள் மட்டும் கும்பிட்டுக்கொண்டாள்.

எல்லாம் அவள் கொழுந்தன் பெண்டாட்டி கஸ்தூரி பண்ணிய வேலை. பிள்ளைகளுக்கு உருட்டி விளையாட ஒரு பிடி ஈரமண் ஊரில் இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அதுகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு உயிரை வாங்கின. கஸ்தூரி பார்த்தாள். அரிசி மாவில் கொதிக்கும் உப்புநீரை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, சூடு அடங்குவதற்குள் நல்லெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசைந்தாள். எப்படித் திருகினாலும் வெடிக்காத மாவு. ஒரு உருண்டைக்கு மஞ்சள், ஒரு உருண்டைக்கு அடுப்புக்கரி. தின்றுவிடக் கூடாதென்று உப்பை மட்டும் தாராளமாகப் போட்டிருந்தாள். மாவுப்பானை இருக்கும் அறையின் சாவி எப்போதும் தையலம்மாள் இடுப்பில்தான் இருக்கும். அவள் கண்ணசந்த நேரத்தில் அது கஸ்தூரி கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சண்டைதான் வரும்.

பிள்ளைகள் முதலில் மாடு பிடித்தன, வண்டி பிடித்தன. பிறகு கொடும்பாவி பிடிக்கலாமென்று தையலம்மாளின் மகள் அமுதத்துக்குத் தோன்றிவிட்டது. ஊரில் ஒரு மகாபாவி இருப்பதால்தான் மழை நிற்கிறது, அந்தப் பாவியைப் பொம்மையாகச் செய்து தெருவில் இழுத்து மாரடித்து அழுதால் பெய்யும் என்பது வழக்கம். பெரியவர்கள் போன வாரம் வைக்கோலில் கட்டி இழுத்திருந்தார்கள். அந்தப் பொம்மைக்கு முகமே இல்லை, அதனால்தான் மழை வரவில்லை என்றாள் அமுதம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றுதான். தாடையில் கரிப்பொட்டாக ஒரு மரு, ஒருபக்கம் சரிந்த கொண்டை, இடுப்பில் சாவிக்கொத்து. பெற்ற அம்மாவை அப்படியே உரித்து வைத்துவிட்டாள், பாவி மகள்.

தென்னைமட்டையில் கிடத்தி இழுத்துப் போனார்கள். பார்த்த மாத்திரத்தில் தெருவுக்கே அடையாளம் தெரிந்துவிட்டது. தையலம்மாளிடம் ஒரு கை மாவு கேட்டுப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்கள் அங்கே எத்தனையோ பேர். போட்டது போட்டபடி ஓடி வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷமான ஒப்பாரியை அந்தத் தெரு கேட்டதில்லை. அப்போதுதான் மேகம் திரண்டது.

பெய்யாவிட்டால் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய நாற்றங்கால் போய்விடும். பெய்தால் மானம் போய்விடும். மகாபாவி இன்னாரென்று வானமே சாட்சி சொன்னதாகிவிடுமே. மாவை இறுக்கிப் பிடித்து அளந்தது ஒரு பாவமா? ஏரியில் தண்ணீர் இருந்தபோது மதகைத் திருட்டுத்தனமாகத் திறந்து தன் வயலுக்கு மட்டும் விட்டுக்கொண்ட நடேசன், கொம்யூன் பஞ்சாயத்துக் கவுன்சிலில் உட்கார்ந்து மீசை முறுக்குகிறான். அவனை விட்டுவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு தூறல் விழுந்ததும் பாய்ந்து போய்ப் பொம்மையைப் பிடுங்கி வந்தாள். மாவு காய்ந்து விறைத்திருந்தது. வேறு வழியில்லாமல் கஸ்தூரியிடமே நீட்டினாள். கஸ்தூரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து இளக்கினாள்.

"யாரு மொகம் வெக்கட்டும்க்கா?"

"கேக்கணுமாடி? நடேசன் மொகந்தான்."

கொண்டையின் கரிமாவு முறுக்கு மீசையானது. சாவிக்கொத்து இருந்த இடத்தில் தொப்பை வந்தது. பிள்ளைகளுக்கு யாராக இருந்தால் என்ன, மறுபடி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. நடேசன் வெளியே வந்து, வானத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான். அவன் பாவியில்லை என்று தீர்ப்பாகிவிட்டதாம்.

தையலம்மாள் வயலில் நடவுக்கு வரும் மணியம்மாள் நேராக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா நீ, பெய்ய வந்த மழைய மூஞ்சிய மாத்தி அனுப்பிட்டியே. நாத்து கருகிப்போனா எங்களுக்கு நடவு ஏது, கூலி ஏது?"

தையலம்மாள் நாற்றங்காலுக்கு நடந்தாள். நாற்று பச்சை போய்ப் பழுத்து, தொட்டால் ஒடிகிற மாதிரி நின்றது. வரப்பில் உட்கார்ந்து முதலில் நடேசனைத் திட்டினாள், பிறகு கஸ்தூரியை, பிறகு வானத்தை. திட்ட வேறு ஆள் கிடைக்காமல் போனபோது அழுகை வந்தது. நன்றாக அழுது முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவிக்கொத்தை அவிழ்த்துக் கஸ்தூரி மடியில் போட்டாள். பானையில் நல்ல மாவாக எடுத்துப் புதிதாகப் பிசையச் சொன்னாள். மாவு பதமானதும் அவள் எதிரே சம்மணம் போட்டு, வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"என் மொகத்தயே வெய்யி. மரு, கொண்ட எல்லாம் அப்டியே இருக்கட்டும்."

கஸ்தூரிக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஊரே பேசுமே அக்கா என்றாள்.

"பேசட்டும். ஆனா கழுத்து மூளியா இருக்கக் கூடாதுடி. ரெண்டு வடம் காசுமால போடு. தெருவுல இழுத்துனு போறப்ப, பாக்கறவ வயிறு எரியணும்."