டீக்கு வாங்க

எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்போது லித்துவேனியாக்காரர்களுடையவை. முட்டைக்கோசு வெட்டவும் பெட்டியில் அடுக்கவும் இங்கிலாந்துக்கு வந்தவர்கள், இங்கேயே தங்கிவிட்டார்கள். பழைய கறிக்கடை அவர்களுடைய ரொட்டிக்கடையாகிவிட்டது. அப்பா அந்தப் பக்கம் நடக்கவே மாட்டார்.

அக்கா லியான் காதலித்தது அவர்களில் ஒருவனை. வீத்தாஸ் என்று பெயர். அவள் அழுது, சண்டை போட்டு, கடைசியில் அப்பா மசிந்தார். தானே போய் வீத்தாஸின் அம்மா யுர்கிதாவின் கதவைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை டீக்கு வாங்கம்மா. பையனையும் கூட்டிட்டு வாங்க."

இங்கிலாந்துக்காரர்களான எங்கள் பக்கத்தில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. அதை விளக்க வேண்டுமென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறன்று மூன்று மணிக்கே இருவரும் தேன் கேக்குடன் வாசலில் நின்றார்கள். அக்கா இன்னும் கடை வேலையிலிருந்து வரவில்லை. அடுப்பில் மாட்டிறைச்சி அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு உரித்த கையோடு அப்பா விழித்தார். நான் தேநீர் கொடுத்தேன்.

"எங்க ஊர்லயும் இதே மழைதாங்க" என்றான் வீத்தாஸ்.

"அப்ப இதுவும் அங்கேருந்துதான் வந்துச்சோ?" என்றார் அப்பா.

வீத்தாஸ் வாய்விட்டுச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கோப்பை காலியானதும் யுர்கிதா எழுந்துவிட்டாள். மணக்க மணக்கச் சமைத்துக்கொண்டே ஒரு வாய் கொடுக்காத வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பாள்? சாப்பிடாமல் கிளம்புகிறார்களே என்று அப்பாவுக்கோ முகம் சிவந்துவிட்டது. அவர்கள் வெளிக்கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து கத்தினார்:

"நம்ம ஊரு வேலை வேணும், நம்ம ஊரு பொண்ணு வேணும், நம்ம வீட்டுச் சாப்பாடு மட்டும் ஆகாதோ? முட்டைக்கோசு பொறுக்கிங்களா!"

வீத்தாஸ் ஒரு கணம் நின்றான். "என்ன சொல்றாரு?" என்பதுபோல் அவன் அம்மா பார்த்தாள். அவன் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

அக்கா வந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் டீ என்ற சொல்லால் வந்த குழப்பம் அவளுக்கு விளங்கிவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"ஐயோ, சாப்பாடா? தெரியலையேம்மா!" யுர்கிதா தலையில் கைவைத்துக்கொண்டாள். திரும்பி வரவும் தயாராக இருந்தாள், சால்வையை எடுத்தாள்.

வீத்தாஸ் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"டீக்கு அர்த்தம் புரிஞ்சுது, லியான். உங்கப்பா கத்தினதுக்கும் வேற அர்த்தம் இருந்தா சொல்லு."