கங்கம்மா காய்ச்சிய எண்ணெய்

சித்திரை வெயிலில் குடியாத்தத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு நடந்து போகிறவனுக்கு முதலில் தேய்வது செருப்பு, அப்புறம் கால், அதற்கப்புறம் புத்தி. சுரங்கத்தை ஒட்டிய மாரிக்குப்பம் வரை ரயில் வராத காலம் அது. வசதி இருந்தவன் மாட்டுவண்டியில் வந்தான், இல்லாதவன் நடந்தான். கோவிந்தன் நடந்தான். வழித்துணைக்கு அவன் மச்சினன் சம்பங்கி கூட வந்தான். சம்பங்கி, கோவிந்தனின் பெண்டாட்டி கங்கம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. கோவிந்தனைச் சுரங்கத்தில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பவேண்டும் என்பது அவனுக்கு இட்ட வேலை.

ஆள் பிடிக்க ஊருக்கு வந்திருந்த ராஜப்பா மேஸ்திரி ஆலமரத்தடியில் நின்று சொன்னதைக் கோவிந்தன் மனப்பாடமாகவே வைத்திருந்தான்.

"கீழ இறங்கற ஆளுக்குத்தான் லைன்ல, அதான் கம்பெனி கட்டின வரிசைல, குடிசை. மேல தங்கக் கல்லு பொறுக்கறவனுக்குக் கிடையாது. ஆனா ஒண்ணு, காலு சுத்தமா இருக்கணும். ஏணியில வெறுங்காலோட இறங்கணும், தண்ணில நின்னு வேலை செய்யணும். அந்தத் தண்ணி சாதா தண்ணி இல்லய்யா, புண்ணுல பட்டா அரிச்சி எடுத்துடும். புண்ணு, கொப்புளம் இன்னா இருந்தாலும் நான் சேக்க மாட்டேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

கோவிந்தனுக்கு வேண்டியது அந்தக் குடிசைதான். தன் அண்ணன் வீட்டில் கங்கம்மா பட்ட பாடு நாய் படாது. ஊரே தின்று முடித்த பிறகு அவளுக்குச் சோறு, அதுவும் அண்ணி மனசு வைத்தால். தனக்கென்று ஒரு அடுப்பு, நினைத்த நேரத்தில் உலை வைக்க ஒரு பானை, இதைக் கொடுக்காவிட்டால் நான் என்ன புருஷன் என்று அவனுக்குள் ஒரு ரோஷம் புகைந்துகொண்டே இருந்தது.

ஆனால் கங்கம்மா வேண்டாம் என்றாள். "அந்தக் குழிக்குள்ள போனவங்க எத்தினி பேரு மேல வரலன்னு உனக்குத் தெரியுமாயா? அடுப்பு இல்லாட்டி போவுது. நீ இரு, போதும்" என்று அழுதாள். "பொம்பள பேச்ச கேட்டா கஞ்சிகூட கிடைக்காது" என்று இவன் எகிறினான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புறப்படும் நாளில் சிரித்த முகத்தோடு மூங்கில் குழாய் ஒன்றில் எண்ணெய் அடைத்து, துணிச்சுருள் ஒன்றையும் கையில் கொடுத்தாள்.

"விளக்கெண்ணெயில மஞ்சள் போட்டுக் காய்ச்சினது. நடந்து காலு வெந்துச்சின்னா இத்த தடவிக்கோ."

சரி, மனசு மாறிவிட்டாள் என்று கோவிந்தன் நினைத்தான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த நினைப்பு மட்டும் ரொம்பச் சுலபமாக வந்துவிடும்.

பேரணாம்பட்டில் புதுச்செருப்பு வாங்கினானே, அதுதான் முதல் வினை. வார் பதப்படாத தோல். மலைப்பாதை ஏறுவதற்குள் கட்டைவிரல் இடுக்கை அறுத்துவிட்டது. வியர்வையும் புழுதியும் அதில் சேர்ந்தன. விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, ஊறி, தோல் உரிந்து, ஒவ்வொரு அடிக்கும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி காந்தியது. செருப்பைக் கழற்றினால் பாறைச்சூடு உள்ளங்காலைப் பொரித்தது. போட்டால் வார் அறுத்தது. கழற்றுவதும் மாட்டுவதுமாக அவன் பட்ட அவஸ்தையைப் பார்த்து எதிரில் வந்த ஆட்டுக்காரிகூடச் சிரித்தாள்.

சம்பங்கிக்கு ஒரு குறையும் இல்லை. சின்ன வயசிலிருந்து கரட்டில் ஆடு மேய்த்த கால், முள்ளே குத்தினால் முள்தான் ஒடியும். அவன் மூட்டையோடு கோவிந்தன் மூட்டையையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். கிணறு கண்ட இடத்திலெல்லாம் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்தான். ஆவாரந்தழை பறித்துச் செருப்புக்குள் மெத்தை போட்டுக் கொடுத்தான். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று கோவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, அக்கா குடுத்த எண்ணெயப் போடேன். எதுக்கு வெச்சிகினு கீற?"

"இருக்கட்டும்டா. கடைசியா போட்டாத்தான் மேஸ்திரிகிட்ட காட்டும்போது காலு பளிச்சுனு இருக்கும்."

நிஜக் காரணம் அது மட்டும் இல்லை. அந்தக் குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும்போது கங்கம்மாவே கூட நடப்பதுபோல் அவனுக்கு இருந்தது. இதை மச்சினனிடம் எப்படிச் சொல்வது? வெட்கக்கேடு.

வழியில் இருந்த கோட்டை ஊரைத் தாண்டி, பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கு வந்தபோது உச்சி வெயில். புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து கோவிந்தன் காலைக் கழுவினான். இனி சுரங்கம் பொழுது சாய்வதற்குள் போய்விடுகிற தூரம்தான். குழாயின் மூடியை அவனே திறந்தான். சம்பங்கி அவனைத் தடவ விடவில்லை. காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"டேய், வேணாம்டா, நீ போயி என் காலப் புடிச்சிகினு..."

"அக்கா புருஷன் காலத்தானே புடிக்கிறேன். கம்முனு இரு மாமா."

புங்கந்தழையால் விரல் விரலாகத் தடவினான். உரிந்த தோலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான், ஏதோ யோசித்தான், பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தான். சுருக்கென்றது.

"எரியுதுடா!"

"எரிஞ்சாத்தான் மருந்து. சும்மா இருந்தா தண்ணி."

துணிச்சுருளைக் கிழித்து இரண்டு காலுக்கும் கட்டுப் போட்டான். அது கங்கம்மாவின் வெளுத்துப்போன பழைய சேலைத் துண்டு. வெயில் தாழ்ந்ததும் இருவரும் நடந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்கு லைன் குடிசைகள் கண்ணில் பட்டன. அதில் ஒன்று என்னுடையது என்று கோவிந்தன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். கால் விண்விண்ணென்று தெறித்தது. நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

விடிந்ததும் சுரங்க வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ராஜப்பா மேஸ்திரி மாட்டுக்கு லாடம் பார்க்கிறவர்போல ஒவ்வொருவன் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். கோவிந்தன் கட்டை அவிழ்த்தான். அவிழ்த்தவனே அலறிவிட்டான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீங்கியிருந்தன. புறங்காலெல்லாம் கொப்புளம், கொப்புளம் உடைந்த இடமெல்லாம் நீர்.

"இன்னாய்யா இது, காலா சுட்ட கத்திரிக்காயா?" என்றார் ராஜப்பா. "ஊர்லயே படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"ரெண்டு நாளு குடுங்க மேஸ்திரி, ஆறிடும். உங்க காலப் புடிச்சிக்கறேன்."

"நீ யாரு காலயும் புடிக்க வேணாம், உன் காலப் பாரு. மேல கல்லு பொறுக்கப் போ, உக்காந்து செய்யற வேலை. எனக்கு இந்த ஷிப்டுக்கு ஒரு ஆளு குறையுது, ஒரு குடிசை காலியா கீது. யாரு வர்ரா?"

பின்னாலிருந்து ஒரு கால் முன்னே நீண்டது. கரட்டுக் கால். கீறல்கூட இல்லாத கால்.

"நான் வர்ரேன் மேஸ்திரி" என்றான் சம்பங்கி.

கோவிந்தன் திரும்பிப் பார்த்தான். சம்பங்கி பார்க்கவில்லை. ஏணியில் இறங்கி அவன் தலை மறைகிறவரை கோவிந்தன் அங்கேயே நின்றான்.

என்ன இருந்தாலும் மச்சினன், குடும்பத்துக்குத்தானே சம்பாதிக்கப் போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். கட்டுத் துணியை அலசினான். மஞ்சள் போனது, புழுதி போனது. அங்கங்கே கறுப்பாக ஒரு கறை மட்டும் போகவில்லை. கல்லில் அடித்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான். ஊஹூம். அடித்துக்கொண்டே இருந்தவன் கை சட்டென்று நின்றுவிட்டது. இந்தக் கறுப்பு அவனுக்குத் தெரியும். அவன் வேட்டி ஓரத்தில் ஊர் வண்ணான் போட்ட குறியும் இதே கறுப்புத்தான். சேராங்கொட்டைப் பால். துணியில் பட்டால் துணி கிழிகிறவரை போகாது. தோலில் பட்டால் தோல் கழன்றுவிடும். வெந்த புண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

கூட இருந்தே குழி பறித்துவிட்டானே பாவி! மூட்டையைச் சுமந்தது, தண்ணீர் மொண்டது, மடியில் காலை வைத்துக்கொண்டது எல்லாம் இதற்குத்தானா? சம்பங்கிக்கு மேஸ்திரி ஒதுக்கிய குடிசை வாசலில் கோவிந்தன் போய் உட்கார்ந்தான். ஷிப்டு முடிந்து, உடம்பெல்லாம் சேறாக, சம்பங்கி வந்தான். கோவிந்தன் அந்தத் துணியை அவன் முகத்தில் விட்டெறிந்தான்.

"எங்கடா கலந்த? கோட்டையிலயா, ஏரிக்கரையிலயா? ஒரு குடிசைக்காகவாடா உன் அக்கா தாலியில கை வெச்ச?"

சம்பங்கி துணியை எடுத்து மடித்தான். "நான் ஒண்ணியும் கலக்கல மாமா. தடவினதுதான் நான். காய்ச்சினது அக்கா."

"பொய் சொன்னா நாக்கு அழுகிடும்டா."

"ஆத்தா மேல ஆணையா. வண்ணான் வூட்டுல போயி அக்காவே கொட்டை வாங்கியாந்துச்சு. 'காலு கெட்டா மேஸ்திரி சேக்க மாட்டாரு, திருப்பி அனுப்பிடுவாரு, எனக்கு அவரு உசுரோட வேணும்டா'ன்னு என் கையப் புடிச்சிகினு அழுதுச்சு. லேசா அரிக்கத்தான் கலந்தேன்னு சொல்லிச்சு. உன் காலு அதுக்கு முன்னாடியே வெந்து கிடந்துச்சே, அது அக்காவுக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியும்ல? பாத்துட்டுத்தானேடா இன்னும் ஊத்தின?"

சம்பங்கி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"உன்ன எதுக்குடா கூட அனுப்பினா?"

"உன்னப் பத்திரமா திரும்பக் கூட்டிகினு வரச் சொல்லி."

"அப்ப நீ இங்க இன்னா பண்ற?"

சம்பங்கி குடிசைக் கூரையை அண்ணாந்து பார்த்தான். "எடம் காலியா இருந்துச்சு மாமா" என்றான். பிறகு கொஞ்சம் தைரியம் வந்தவனாக, "நீயும் இங்கயே இரேன். அக்காவையும் வரச்சொல்லலாம். நம்ம வூடுதானே" என்றான்.

கோவிந்தனுக்கு அடிக்கக் கை எழவில்லை. இவன் திருடன், இவனைத் திட்டிவிடலாம். அவளை என்ன செய்வது? உயிரோடு வேண்டும் என்றாளாமே, அதை நினைத்தாலே அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. வேண்டாம் என்று இன்னும் நூறு தரம் சண்டை போட்டிருக்கலாம், வாசலை மறித்துக் கிடந்திருக்கலாம். சிரித்த முகத்தோடு கையில் குழாயைக் கொடுத்து அனுப்பினாளே! வழியெல்லாம் அதை இடுப்பில் வைத்துக் கொஞ்சிக்கொண்டு வந்த தன்னை நினைத்துத்தான் அவனுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. சம்பங்கி கையிலிருந்த துணியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போனான்.

அவன் ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களோடு உட்கார்ந்து கல் பொறுக்கினான், கொட்டகையில் படுத்தான். கால் ஆறியது. கறுப்புத் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அந்தக் குடிசைப் பக்கம் அவன் போகவே இல்லை.

ஆடி மாதம் குடியாத்தத்து வண்டிக்காரர் ஒருவர் அரிசி இறக்கிவிட்டுப் புறப்பட்டார். கோவிந்தனுக்குத் தெரிந்தவர், அவன் தெரு வழியாகத்தான் போவார்.

"உன் பொண்டாட்டி வர்ர போற வண்டியெல்லாம் நிறுத்தி விசாரிக்குதுப்பா. எப்ப வர்ரேன்னு சொல்லட்டும்?"

கோவிந்தன் மடியிலிருந்து அந்தச் சேலைத் துணியை எடுத்தான். நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருந்தான், கறுப்புக்கறை மேலே தெரிகிற மாதிரி. வண்டிக்காரர் கையில் கொடுத்தான்.

"இத்த அவகிட்ட குடு. எண்ணெய் நல்லா கேட்டுச்சுன்னு சொல்லு."

"எப்ப வர்ரேன்னு சொல்லட்டும்ப்பா?"

"அவ்ளோதான். அத்த மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் கல் குவியலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.